கொல்லிமலை வண்டிகளும் எண்ணெய்க் கசடும்

வல்வில் ஓரியின் மலையென்றும், கண்டாரைச் சிரித்து மயக்கிக் கொல்லும் பாவையின் இருப்பிடமென்றும் நம் பழம்புலவரால் பேசப்பட்ட கொல்லிமலை, இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்ததாகும். கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்துள்ள அதன் மேற்பரப்பில் சிற்றூர்கள் பல, 'நாடு' என்னும் பகுப்புக்களுள் அடங்கி, ஒன்றுக்கொன்று சேய்மையிற் சிதறிக் கிடக்கின்றன. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலேறும் பாதையில் கொண்டையூசி வளைவுகள் 70 உள. அன்னாசியும் மிளகும் காப்பிக் கொட்டையும் மரவள்ளிக் கிழங்கும் கீழே இறங்குவதும், மலையில் விளையாத பண்டங்களும் மருந்தும் மேலே ஏறுவதும் இத்தகைய மலைப்பாதைகளின் வழியாகவே யாம்.

மோட்டார் வண்டி ஏறாத காலத்தில் இம்மலை எவ்வாறிருந்ததென்பதை நம்போன்ற கல்லூரிகளிற் பயில்வோர் ஒருவகையில் அறிந்தேயுள்ளோம். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயங்கச் செய்த பால் பிராண்டு, 1914-ஆம் ஆண்டு மிஷனெரிப் பெற்றோருக்கு மகவாய் இம்மலைச் சூழலில் வளர்ந்தவர். அவருடைய தந்தையார் ஜெஸ்ஸி பிராண்டு ஐயர் மலைமக்களிடையே பணிசெய்திருந்து, 1929-இல் காய்ச்சலுற்றுக் கொல்லிமலையிலேயே உயிர் நீத்தார். அந்நாளில் நோயாளி கீழிறங்குவதாயினும் மருத்துவர் மேலேறுவதாயினும் கால்நடையும் டோலியுமே கதி. இந்நாளிலோ ஜீப்பும் வேனும் சிறு சரக்கு வண்டியும் உள. பேறுகாலத்துப் பெண்ணொருத்தியை நள்ளிரவில் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட வண்டி நாற்பதாம் வளைவில் நின்றுவிடுமாயின், நூறாண்டு வளர்ச்சியும் அந்நொடியே கழிந்து, அவ்வீட்டார் மீண்டும் டோலிக் காலத்திற்கே தள்ளப்படுகின்றனர். ஆகவே எஞ்சினுக்கு வரும் நோயொன்றைப் பற்றி ஓர் இலக்கிய மாணவன் எழுதப் புகுவது தகாததன்று எனக் கொள்கின்றேன்.

அந்நோய் யாதோவெனின், எண்ணெய்க் கசடு. எஞ்சினுக்குள் ஊற்றப்பட்ட எண்ணெய் தன் நீர்மை கெட்டுக் களிபோலவும், சிலவிடத்துத் தார்போலவும் திரண்டு உட்புறமெங்கும் அப்பிக்கொள்ளுதலே அது. 'வண்டல்' எனினும் ஒக்குமேயெனின், ஒவ்வாது. வண்டல் நீரின் அடியிற் படிவது, வடித்துவிட்டால் நீங்கும். இது படிவதோடு அமையாமல் ஒட்டிக்கொள்வதும் உண்டாதலின், கசடு என்னும் சொல்லே பொருந்துவதாம். பட்டறைக்காரர், "ஆயில் கெட்டியாகிவிட்டது" என்பர். அதுவும் நல்ல தமிழே. நோயை ஒரே தொடரில் உள்ளபடி உரைக்கின்றது.

மலைப்பாதையில் வண்டியோட்டுவார் அனைவரும் அஞ்சுவது வெப்பத்திற்கு. ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து ஆவி சீறுவதைக் கண்ணாற் காண்கின்றோமன்றோ? அதனால் எஞ்சினுக்குப் பகை சூடு என்பதும், குளிர் நட்பு என்பதும் எல்லார் உள்ளத்தும் ஊன்றிவிட்டன. கசட்டைப் பொறுத்தவரை இக்கொள்கை பாதிதான் உண்மை. கொல்லிமலை வண்டிகளுக்கு இந்நோயைத் தரவல்லது 70 வளைவுகளிலும் ஏறும் பெரும்பயணத்தினும், மேலே ஊர்விட்டு ஊர் செல்லும் சிறுபயணமே. இது முதலில் நம்பத்தகாததாகத் தோன்றுமாதலின், சற்று விரித்துரைப்பாம்.

எஞ்சினில் எண்ணெய்க்குத் தொழில் ஒன்றன்று. தேய்வைத் தடுத்தல் முதலாவது. அதனோடு, நீர் புகாத மூலைகளிலுள்ள சூட்டை எடுத்துச் செல்லுதலும், பிஸ்டனுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடைப்பட்ட சந்தை அடைத்தலும், எரிதலால் விளையும் அழுக்கைத் தன்னுள் ஏந்திக்கொள்ளுதலும் அதன் கடமையே. இவற்றுள் இறுதியாகச் சொல்லப்பட்டதே நம் ஆராய்ச்சிக்கு உரியது.

பிஸ்டனைச் சுற்றி வளையங்கள் எத்துணை இறுகப் பொருந்தியிருப்பினும், எரிந்த வளியிற் சிறு பங்கு அவற்றைக் கடந்து கீழே எண்ணெய் நிற்கும் அறைக்குள் நுழைந்தே தீரும். புத்தம்புதிய எஞ்சினும் இதற்கு விலக்கன்று. பழைய எஞ்சினில் மிகுதி. அவ்வளியில் எரியாது எஞ்சிய பெட்ரோல், கரித்தூள், நைட்ரஜன் ஆக்ஸைடுகள், நீராவி என்பன கலந்திருக்கும். நீராவி எங்கிருந்து வந்ததென வினவலாம். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரியுங்கால் காற்றின் ஆக்ஸிஜனோடு கூடி நீராகின்றது. கணக்கிட்டுப் பார்ப்பின், 1 லிட்டர் பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 1 லிட்டர் நீர் பிறக்கின்றது. நெருப்பிலிருந்து நீர் பிறப்பதை வேதியியல் கற்ற நண்பர் எளிதாகக் கூறிவிடுவர்; எனக்கோ அது இன்றும் வியப்பையே தருகின்றது. அந்நீரிற் பெரும்பங்கு புகைக்குழாய் வழியே ஆவியாய் வெளியேறும். சிறு பங்கு, முன்கூறியவாறு, எண்ணெயைச் சென்று சேரும்.

எண்ணெய் நன்கு சூடாயிருப்பின் இதனால் இழுக்கில்லை. வந்த நீர் வந்தவாறே ஆவியாகிச் சென்றுவிடும். கலந்த பெட்ரோலும் அவ்வாறே. எண்ணெய் குளிர்ந்திருப்பினோ நீர் துளியாய்த் தங்கும். நைட்ரஜன் ஆக்ஸைடுகள் அந்நீரோடு கூடி அமிலமாம். அரைகுறையாய் எரிந்த பெட்ரோலோடு கூடிப் பிசினாம். அப்பிசின் கரித்துகளையும் தூசியையும் நீர்த்துளியையும் ஒருங்கு பற்றித் திரட்டுகின்றது. இங்ஙனம் கசடு பிறக்கின்றது.

இனி, எண்ணெய் சூடாதற்கு எத்துணை நேரம் வேண்டும்? ரேடியேட்டர் நீரின் சூட்டை உணர்த்தும் முள் நடுவில் வந்து நிற்பதைப் பார்த்து, எஞ்சின் பதமாயிற்றெனக் கருதுவோம். எண்ணெய் அந்நீரினும் மெல்லவே சூடேறும் இயல்பினது. முள் நின்ற பின்னரும் பல நிமிடங்கள் ஓடினாலன்றி அது உரிய நிலையை எட்டாது. செம்மேட்டிலிருந்து அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றிற்கு மூன்று நான்கு கிலோமீட்டர் சென்று, நிறுத்தி, ஆளை இறக்கி, ஒரு நாழிகை கழித்துத் திரும்பும் வண்டியை எண்ணிப் பாருங்கள். மார்கழிப் பனியில், கார்காலத்து மூடுமஞ்சில், நாளொன்றுக்கு ஆறேழு முறை அவ்வாறு ஓடுகின்றது. ஒவ்வொரு முறையும் நீர் சேர்கின்றது. ஒருமுறையேனும் அது ஆவியாக நேரமில்லை. ஆண்டு முழுவதும் ஓடிய தொலைவைக் கூட்டினாலும் நெடும்பயண வண்டியின் அளவிற்கு வாராது. 'வண்டி ஓடவேயில்லையே, எண்ணெயை ஏன் மாற்றவேண்டும்?' என்று உரிமையாளர் கேட்பது இயல்பே. ஓடாததே குற்றம் என்பதை யார் அவருக்கு எடுத்துரைப்பார்?

ஈண்டு நாமக்கல் லாரிகளை ஒப்பிட்டு நோக்குதல் தகும். மலைக்குக் கீழே, அதே மாவட்டத்தில், லாரித் தொழில் பரந்து நடைபெறுவதை நாடறியும். வடநாடு நோக்கிப் புறப்படும் லாரியின் எஞ்சின் இரவு பகலாகச் சூடாறாமலே ஓடுகின்றது. அதன் எண்ணெயில் நீர் தங்குவதற்கு வாய்ப்பே இல்லை. தொட்டியும் பெரியது, எண்ணெயும் அதற்கென்று ஆக்கப்பட்டது. பல பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினும் அதற்குப் போதும். லாரியோட்டும் உறவினர் ஒருவர் வாய்மொழியாக அவ்வெண்ணைக் கேட்டு, மலைமேல் ஜீப் வைத்திருப்பவர் தாமும் அதனையே பின்பற்றுவாராயின் விளைவது யாதென விளக்க வேண்டுவதில்லை. கிலோமீட்டர்க் கணக்கு ஒன்றே எண்ணெயின் வயதைக் காட்டாது. எத்துணை முறை குளிர்ந்த எஞ்சினை எழுப்பினோம், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் ஓட்டினோம் என்பனவும் வேண்டும்.

குளிரை நட்பென எண்ணியதால் நம் நாட்டில் வேரூன்றிய வழக்கம் ஒன்றுண்டு. எஞ்சினையும் ரேடியேட்டரையும் இணைக்கும் நீர்வழியில் தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு வைக்கப்பட்டுள்ளது. நீர் ஏறக்குறைய 80 முதல் 90 டிகிரி வரை சூடேறும் மட்டும் அது மூடியிருந்து, எஞ்சின் விரைந்து பதமாதற்கு உதவும், பின்னர்த் திறக்கும். பழுதுற்றால் சில வேளை மூடியபடியே நின்று எஞ்சினைக் கொதிக்கவைப்பதும் உண்டு. ஆதலின், "நம் ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை" என்று கூறி அதனைக் கழற்றி எறிந்துவிடுவார் பட்டறைகளிற் சிலர் உளர். கதவு போன பிறகு தண்ணீர் எப்போதும் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டேயிருக்க, எஞ்சின் பதமாவதற்கு நெடுநேரம் செல்லும். மலைமேற் குளிரில் பதமாகாமலே போதலும் உண்டு. கீழே நாமக்கல்லில் இதன் தீமை ஓரளவு மறைந்திருக்கும், செம்மேட்டில் மறையாது. கதவு கெட்டால் புதுக்கதவு வைப்பதே முறை. நோயுற்ற கண்ணைப் பிடுங்கிவிட்டுக் குணமாயிற்று என்பாரை மருத்துவர் என்னோம்.

குளிர் செய்யும் தீமை இது. வெப்பம் தீமையே செய்யாதோவெனின், அங்ஙனமன்று. காரவள்ளியிலிருந்து முழுச்சுமையோடு முதலாம் இரண்டாம் கியர்களில் ஏறும் வண்டியின் எஞ்சின் மிகச் சுழல்கின்றது. வண்டியோ மெல்ல நகர்வதால் எதிர்காற்றுப் போதவில்லை. எண்ணெய் அளவிற்கு மீறிச் சூடாகுமாயின் காற்றின் ஆக்ஸிஜனோடு கூடித் தானே கெடத் தொடங்கும். சூடு ஏறத்தாழ 10 டிகிரி உயருந்தோறும் இக்கேடு இருமடங்கு விரையுமென்பது பொதுவான கணக்கு. இவ்வாறு பிறப்பது களிபோன்ற கசடன்று. அரக்குப்போல் மின்னிக் கடினப்படும் மெழுக்கு. டர்போசார்ஜர் உள்ள வண்டிகளில் இதன் ஆற்றல் மிகுதி. மேலேறி முடித்தவுடன் சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டால், நெருப்பெனக் காய்ந்த டர்போவின் தாங்கிகளில் எண்ணெய் ஓட்டமற்றுத் தங்கிக் கருகிவிடும். ஏற்றம் முடிந்ததும் ஓரிரு நிமிடம் எஞ்சினை வெறுமனே ஓடவிட்டு நிறுத்துதல் நலம். எண்ணெயின் அளவு குறைந்திருப்பினும் இத்தீமை பெருகும். உள்ள சிறிதளவு எண்ணெயே முழுச் சூட்டையும் சுமக்க வேண்டியதாகின்றது.

எனினும், அளவோடு நிகழும் ஏற்றம் மருந்தே எனலாம். வாரம் முழுதும் சிறுநடை நடந்த வண்டி, ஒருமுறை சேந்தமங்கலம் வரை இறங்கி மீண்டும் ஏறுமாயின், அவ்வேற்றத்தில் எண்ணெய் நன்கு காய்ந்து, உள்ளே தங்கிய நீரும் பெட்ரோலும் ஆவியாகிவிடும். எல்லாரும் அஞ்சும் பாதையே எஞ்சினை உலர்த்துகின்றது. தீங்கற்றதெனக் கருதும் நான்கு கிலோமீட்டரே அதனை நனைக்கின்றது.

ஆவி எழுந்தால் மட்டும் போதுமோ? வெளியேற வழி வேண்டாவோ? பழைய மோட்டார்களில் அதற்கென ஒரு குழாய் எஞ்சினிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும். வண்டி ஓடும் விரைவால் எழும் காற்று அதன் வாயிலிருந்து ஆவியை உறிஞ்சும். வண்டி மெல்லச் சென்றாலோ நின்றாலோ உறிஞ்சுவாரில்லை. இக்குறை நீங்க, ஆவியை எஞ்சினே உள்ளிழுத்து எரித்துவிடுமாறு அமைத்த ஏற்பாடு இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நீரைக் கடக்கும் படைவண்டிகளில் வழங்கிற்று. 1961 முதல் கலிபோர்னியாவில் விற்கப்பட்ட புதுக்கார்களிலும் இடம்பெற்றது. புகைமாசைக் குறைப்பதற்கென வந்த இவ்வேற்பாடு கசட்டையும் குறைத்தது. இன்று பெட்ரோல் வண்டிகள் எல்லாவற்றிலும் இவ்வால்வு உண்டு. கைவிரல் அளவே உள்ள இது அடைபட்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். விலையிற் சிறியதாயினும், இதனை ஆராய்பவர் மிகச் சிலர்.

கசடு நம் மலைக்கோ நம் நாட்டிற்கோ மட்டும் உரிய நோயென எண்ணற்க. 1980-களில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பெட்ரோல் எஞ்சின்களில் கருங்கசடு மிகுந்து தோன்ற, அதனைத் தடுக்கும் ஆற்றலை அளப்பதற்கென்றே எண்ணெய்களுக்குப் புதுச் சோதனைகள் வகுக்கப்பட்டன. பின்னர், 1997 முதல் 2002 வரை செய்யப்பட்ட டொயோட்டா எஞ்சின் வகைகள் சிலவற்றில் கசடு மிகுவதாக அமெரிக்காவில் முறையீடுகள் எழுந்தன. உரிமையாளர் காலத்தில் எண்ணெய் மாற்றாமையே காரணமென்று நிறுவனம் கூறிற்று; மாற்றினோம் என்றனர் உரிமையாளர் பலர். ஈற்றில் 2002-இல் அந்நிறுவனம் ஏறத்தாழ 33 லட்சம் வண்டிகளுக்குச் சிறப்புப் பாதுகாப்புத் திட்டமொன்றை அறிவித்தது. வழக்கும் 2007-இல் உடன்பாட்டில் முடிந்தது. ஒரே வகை எஞ்சின் ஒருவர் கையில் நலமாயிருக்க, மற்றொருவர் கையில் கெட்டது. நேர்ந்த காரணம் ஒன்றேயென்று எத்தரப்பார் கூறினும் முழுதும் நம்புதற்கு நான் ஒருப்படேன். எஞ்சினின் அமைப்பு, எண்ணெயின் தரம், ஓட்டும் வகை, மாற்றும் காலம் ஆகிய நான்கும் கூடியே கசடு பிறக்கின்றது. இவற்றுள் முதலாவது நம் கையில் இல்லை. ஏனைய மூன்றும் உள்ளன.

எண்ணெயின் தரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாற்றிய சில நூறு கிலோமீட்டருக்குள் எண்ணெய் கறுத்துவிட்டால், "மட்டமான எண்ணெய்" எனப் பழிப்பர், சிறப்பாக டீசல் வண்டியுடையார். இது பிழை. இக்காலத்து எண்ணெய்களில் அழுக்கைக் கழுவும் பொருளும், கழுவிய அழுக்கு ஒன்றோடொன்று சேராவண்ணம் நுண்துகளாய்ப் பிரித்து ஏந்தும் பொருளும் கலந்துள்ளன. எண்ணெய் கறுப்பது அழுக்கு எண்ணெயில் உள்ளதெனக் காட்டும்; அஃதாவது எஞ்சினில் ஒட்டவில்லை. எண்ணெய் தெளிந்திருக்க எஞ்சின் கறுப்பதே அஞ்சத்தக்கது. ஆனால் ஏந்தும் ஆற்றலுக்கும் ஓரெல்லை உண்டு. எல்லை கடந்தபின், அதுகாறும் மிதந்ததெல்லாம் ஒருங்கே படியும். கசடு சிறிது சிறிதாக வருவதுபோலத் தோன்றாமல் திடீரெனக் காணப்படுவதன் காரணம் இதுவே.

டீசல் வண்டிகளில் கரித்துகளே முதன்மை. 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிக்கேற்ப அமைந்த டீசல் வண்டிகள் பலவற்றில் கரியைப் பிடித்துவைத்து எரிக்கும் வடிகட்டி உண்டு. அக்கரியை எரித்தற்கு எஞ்சின் மிகுதியாக டீசலைச் செலுத்தும். அவ்வேளையில் பயணம் இடையில் முறிந்துவிட்டால் அந்த டீசலிற் சிறிது எண்ணெயில் வடியும். அளவு காட்டும் கம்பியில் எண்ணெய் குறைவதற்கு மாறாக உயர்ந்து காணப்பட்டால் மகிழற்க, கலப்படம் நேர்ந்துள்ளது.

நோயை முன்னறியும் வழிகள் எளியனவே. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தை நோக்குக. வெண்ணெய் போன்ற மங்கிய நுரை இருப்பின் நீர் தங்கியுள்ளதென்க. நெடுந்தூரம் ஓட்டித் துடைத்தபின் அது மீண்டும் தோன்றாவிடில் சிறுபயணத்தால் வந்ததே. ரேடியேட்டர் நீர் நாடோறும் குறைந்து, கம்பியிலும் எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின், எஞ்சினுக்குள் நீர்க் கசிவு உண்டு. உடனே பட்டறைக்குச் செல்லல் வேண்டும். மூடியின் கீழும், டாப்பட் கவரின் உள்ளும் கருங்களி தென்பட்டால் நோய் முற்றியுள்ளது. முற்றிய நிலையில் அக்களி, எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயிலுள்ள வலையை அடைக்கின்றது. பம்ப் சுழலும், எண்ணெய் ஏறாது. எண்ணெய் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் செவ்விளக்கு எரியும். அவ்விளக்கு எரிந்தபின் 'இன்னும் நாலு வளைவுதானே' என்று ஏறுவோர் எஞ்சினை முற்றும் இழப்பர்.

தடுப்பு முறை நீண்டதன்று. வண்டியோடு தரப்படும் கையேட்டில் இருவகைக் கணக்கு இருத்தல் பெரும்பான்மை. இயல்பான ஓட்டத்திற்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்றிருப்பின், கடுமையான ஓட்டத்திற்கு அதிற் பாதியாக இருக்கும். குறும்பயணம், மலைப்பாதை, புழுதி, பெருஞ்சுமை ஆகியன கடுமை எனக் கொள்ளப்படும். கொல்லிமலையில் இந்நான்கும் ஒருங்கே உள. ஆதலின் அங்குள்ளோர் 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், இவற்றுள் எது முந்துகின்றதோ அதனைக் கொள்ளுதலே தக்கது. எண்ணெய் மாற்றும்போதெல்லாம் பில்டரையும் மாற்றுக. நூறு இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்துப் பழைய பில்டரையே விடுதல், புதுப்பால் வாங்கிப் புளித்த கலத்தில் ஊற்றுவதாகும். கையேடு கூறும் தடிப்பெண்ணும் தரக்குறியும் உடைய எண்ணெயையே, முத்திரை கலையாத டப்பாவில் வாங்குக.

கசடு முன்னரே மிகுந்துவிட்ட வண்டிக்கு ஓர் எச்சரிக்கை. கடையில் விற்கும் கடுமையான கழுவுநீரை ஊற்றி ஒரே நாளில் துடைத்துவிட முயலுதல் ஆபத்து. ஒட்டியிருந்த களி கட்டிகட்டியாகப் பெயர்ந்து முன்சொன்ன வலையை அடைத்துவிடும். நோயாற் சாகாதது மருந்தாற் சாகும். ஆயில் சேம்பரைக் கழற்றிக் கையாற் சுரண்டி, வலையைத் துலக்கி, பின்னர் நல்ல எண்ணெயை ஊற்றி 1,000, 2,000 கிலோமீட்டரில் இரண்டு மூன்று முறை மாற்றுதலே பாதுகாப்பான வழி. செலவு மிகுதிதான், எஞ்சினை முழுதும் பிரித்துக் கட்டுவதை நோக்கக் குறைவு.

வடித்த பழைய எண்ணெயை என் செய்வது? ஓடையோரம் கவிழ்ப்பார் உளர். மேலே கவிழ்த்தது ஐயாற்றிற் கலந்து ஆகாயகங்கை அருவி வழியே கீழிறங்கும் என்பதை அவர் நினைப்பதில்லை. 2016-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட அபாயக் கழிவு விதிகளின்படி பழைய எண்ணெய் உரிமம் பெற்றாரிடம் சேர்தற்குரியது. மலைமேல் அத்தகையோர் இல்லாவிடத்து, காலி டப்பாவில் மூடிவைத்து, அடுத்த முறை சரக்கோடு கீழிறங்கும் வண்டியில் நாமக்கல் பட்டறைக்கு அனுப்பிவிடலாம்.